பதினேழும் எழுபத்தொன்றும்

1

யாழினிக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் சேருவதற்காக அவளுடைய பிறப்புப் பதிவின் நகலை ராட்டர்டாம் நகராட்சியிலிருந்து வரவழைத்தோம். அதில் தாயின் பிறந்த ஊர் திருச்சூர் என்று இருந்தது. டிரிச்சி என்று நான் எழுதிக் கொடுத்ததை அன்றைக்கு யாரோ ஓர் எழுத்தர் டிரிச்சூர் என்று ஏற்றியிருக்கிறார். பதினெட்டு வருடமாக இந்த நாட்டு ஆவணத்தில் நான் கேரளத்துப் பெண்.

அதைத் திருத்த இரண்டு மாதம் ஆனது. முதல் கடிதத்துக்குப் பதிலே இல்லை. இரண்டாவது கடிதத்துக்கு, என் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்து முத்திரையோடு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். முத்திரை மங்கலாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு நேரில் வரச் சொன்னார்கள். யாழினியையும் கூட்டிக்கொண்டு போனேன். என் டச்சு மொழி அலுவலகங்களில் இன்னமும் தடுமாறும்.

கவுண்டரில் இருந்த நரைத்த தலைப் பெண்மணி “மெவ்ரோ தங்கராசு” என்று கூப்பிட்டார். மெவ்ரோ என்றால் திருமதி. தங்கராசு என் அப்பா, பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். குடும்பப் பெயர் இல்லாமல் இங்கே எந்தப் படிவமும் நகராது என்பதால் அப்பாவின் பெயரைக் கொடுத்தேன். அதன் பிறகு கோமதி என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் நாலைந்து பேர்தான். யாழினிக்கு அவள் அப்பா வழியில் வேறு பெயர். தாய்க்கும் மகளுக்கும் பெயர் ஒத்துப்போகாததால், நான் அவளுடைய அம்மாதானா என்று பள்ளிக்கூடத்தில் மூன்று முறை கேட்டிருக்கிறார்கள்.

அந்தப் பெண்மணி என் காகிதங்களைப் பார்த்தார். பழைய பதிவைப் பார்த்தார். “இது எங்கள் தவறு, மன்னிக்க வேண்டும்” என்று சொல்லிவிட்டு எதையோ தட்டினார். புதிய தாள் வந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில் முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன, யார் திருத்தினார், என்றைக்குத் திருத்தினார் என்று இருந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

நான் வெளியே வந்து டிராம் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை. யாழினி பயந்துவிட்டாள். எல்லாம் நல்லபடியாகத்தானே முடிந்தது என்று டச்சில் கேட்டாள். என் காகிதங்களை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஊருக்குப் போகணும்” என்றேன். “தொட்டியத்துல ஒருத்தரைப் பார்க்கணும்.”

“யாரை?” என்று அவள் தமிழிலேயே கேட்டாள்.

ராஜாங்கம் என்ற பெயரை என் வீட்டில் நான் ஒருநாளும் சொன்னதில்லை. போய்விட்டு வந்து இதை எழுதுகிறேன். இந்த மாதத்தோடு நான் இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் முடிகிறது. இங்கே என்ன சாதித்தேன் என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

2

ரிஸ்க் மேனேஜ்மென்ட் என்றால் என்ன வேலை என்று அம்மா கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நிறுவனத்துக்கு என்னென்ன கெடுதல் வரலாம் என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும். எது வரக்கூடும், வந்தால் எவ்வளவு அடி விழும், அதைத் தடுக்க என்ன செய்யலாம் என்று பட்டியல் போட்டு, மேலே இருப்பவர்களிடம் கொடுக்க வேண்டும். “நல்ல நாள்லயும் கெட்டதையே நெனச்சுக்கிட்டு இருக்கறதுக்குச் சம்பளமாடி?” என்பாள் அம்மா.

திருச்சியில் கணிதப் பட்டம், சென்னையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை, பிறகு இளங்கோவைக் கட்டிக்கொண்டு ராட்டர்டாம். இங்கே கப்பல் சரக்குக்குக் காப்பீடு செய்யும் நிறுவனத்தில் அதே வேலை. புயல், வேலைநிறுத்தம், தீ, கணினித் திருட்டு எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே எழுதிவைத்தேன். மாலை நேரத்தில் படித்து முனைவர் பட்டமும் வாங்கினேன். என் பட்டியலில் இல்லாத எதுவும் அந்த நிறுவனத்துக்கு நடந்ததில்லை என்று என் மேலதிகாரி ஒருமுறை கூட்டத்தில் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் பல வருடம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மொழிதான் கால் வாரிவிடும். பக்கத்து மேஜைக்காரருக்கு அப்பா இறந்துபோனார். அவர் திரும்பி வந்த அன்று துக்கம் விசாரிக்க எழுந்து போனேன். இங்கே அதற்கு ‘ஹெகொண்டொலேர்ட்’ என்று ஒரு வார்த்தை. வாழ்த்து சொல்வதற்கு ‘ஹெஃபெலிசிடேர்ட்’. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, வாழ்த்து சொல்லிவிட்டேன். அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு நன்றி என்றார். வீட்டுக்கு வந்து சொன்னபோது நாலு வயது யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டு வார்த்தைகளையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவளுக்கு அப்போதே இரண்டும் தெரிந்திருந்தது.

3

திருச்சியிலிருந்து சென்னை போகும் சாலையில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. மூன்று வருடம் வருகைப் பேராசிரியர் பதவி. பிளாக்செயின் தொழில்நுட்பத்தை வைத்து ஊருக்குப் பயன்படும்படி ஏதாவது செய்ய வேண்டும் என்றார்கள். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. காப்பீட்டு நிறுவனத்தில் இன்னும் இருபது வருடம் கெடுதலை எண்ணிக்கொண்டிருக்க மனம் இல்லை.

“மூணு வருஷம்தானே. போயிட்டு வா” என்றார் இளங்கோ. யாழினிக்குப் பதின்மூன்று நடந்துகொண்டிருந்தது. பெற்றோர் கூட்டத்துக்கு யார் வருவார்கள் என்று மட்டும் கேட்டாள். அப்பா வருவார் என்றேன். சரி என்று மாடிக்குப் போய்விட்டாள். அவள் சம்மதித்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அப்பாவும் அம்மாவும் போய், பொன்மலை வீடும் கைமாறிவிட்டதால், ஸ்ரீரங்கத்தில் கீழ உத்திர வீதியில் மாடி போர்ஷன் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். கீழ்வீட்டு மாமி காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது படியில் நின்று, “பெருமாளை ஸேவிச்சேளா, இன்னிக்குக் கூட்டமே இல்லை” என்று தினமும் சொல்வார். நான் தினமும் நாளைக்கு என்று சொல்லிவிட்டுக் கல்லூரிப் பேருந்துக்கு ஓடுவேன். மாணவர்கள் நன்றாகப் படித்தார்கள். நான் நன்றாகச் சொல்லிக்கொடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன். மாலையில் வந்ததும் யாழினியைக் கூப்பிடுவேன். முதல் வருடம் அரை மணி நேரம் பேசினாள். இரண்டாம் வருடம் பத்து நிமிடம். அதற்குப் பிறகு நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொன்னாள், டச்சில்.

4

தமிழ்ச்செல்வியும் நானும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். தொட்டியத்துப் பெண். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தார்கள். கணவர் பள்ளி ஆசிரியர். வாழைத் தோப்பைப் பார்ப்பது இவள்தான். மருந்து அடிக்காமல் வாழை போடும் எண்பது பேரைச் சேர்த்து ஒரு குழு நடத்திக்கொண்டிருந்தாள்.

“காந்தி மார்க்கெட்ல போய்ப் பாரு” என்றாள். “மருந்துல குளிச்ச தாரும் எங்க தாரும் ஒரே குவியல். ஒரே ஏலம். அடிக்காதவனுக்கு என்னடி மரியாதை?”

அந்தக் கேள்வியைத்தான் நான் ஆராய்ச்சித் திட்டமாக எழுதினேன். ஐரோப்பாவில் ஓர் இறக்குமதி நிறுவனம் மருந்தில்லாத நேந்திரனை வாங்கத் தயாராக இருந்தது. ஆனால் அவர்களுக்குச் சாட்சி வேண்டும். ஒவ்வொரு தோப்பின் காயையும் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பி, முடிவை யாராலும் மாற்ற முடியாத பிளாக்செயின் பதிவில் ஏற்றுவது என்று திட்டம்.

தார் எடை போடும் கொட்டகையில் எண்பது பேரையும் கூட்டி விளக்கினேன். “ஒரே நோட்டை அம்பது பேர் தனித்தனியா வச்சிருக்கற மாதிரிங்க. ஒருத்தர் நோட்டுல போய் அழிச்சாலும் மத்த நாப்பத்தொம்பது நோட்டு காட்டிக் கொடுத்துரும். நான் நெனச்சாலும் அழிக்க முடியாது. கலெக்டர் நெனச்சாலும் முடியாது.”

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். அறுபது வயது இருக்கும். ஒல்லியான ஆள். வேட்டி சட்டை சுத்தமாக இருந்தது.

“தப்பா எழுதிட்டா?” என்று கேட்டார்.

“தப்பா எழுத மாட்டோங்க. ஒருத்தர் ஏத்தணும், இன்னொருத்தர் சரிபார்க்கணும், மூணாவது ஆளு ஒத்துக்கணும். அப்புறம்தான் பதிவாகும்.”

“மூணு பேரும் மனுசங்கதானே?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பிறகு ஒப்புக்கொண்டு முதலில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான்.

அவர்தான் ராஜாங்கம். இருபது வருடத்துக்கு முன்பு அவருடைய அண்ணன் தோப்பில் மருந்து அடித்துக்கொண்டிருக்கும்போது மயங்கி விழுந்து, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார் என்று செல்வி பிறகு சொன்னாள். அன்றிலிருந்து ராஜாங்கம் மருந்து டப்பாவைத் தொட்டதில்லை. வேப்பம் புண்ணாக்கும் சாணக் கரைசலும்தான். வண்டு விழுந்தால் மரத்தை வெட்டிப் புதைப்பார். குழுவில் அவர் எண் பதினேழு.

விதிகளை நான்தான் எழுதினேன். பதிவு ஆளின் பெயரில் இல்லாமல் நிலத்தின் சர்வே எண்ணில் இருக்க வேண்டும். குழு எண்ணைத் தட்டினால் அந்த ஆளின் சர்வே எண்ணில் போய் ஏறும். ஆள் பொய் சொன்னாலும் நிலம் சொல்லாது. காயில் மருந்து இருப்பது ஒருமுறை தெரிந்தால் அந்த நிலத்துக்கு மூன்று வருடம் தடை. இறக்குமதி நிறுவனம் ஒரு வருடம் போதும் என்றது. கடுமையாக இருந்தால்தான் நம்புவார்கள் என்று சொல்லி மூன்றாக்கினேன். என் பழக்கப்படி, திட்டத்துக்கு வரக்கூடிய கெடுதல்களைப் பட்டியல் போட்டேன். நாற்பது வந்தது. தவறான தகவல் ஏறுவது என்பது அதில் முப்பத்தாறாவது. நடக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று அதன் எதிரில் எழுதினேன்.

5

மூன்றாம் வருடம், ஐப்பசி மாதம். பரிசோதனைக்கூடத்திலிருந்து முடிவுகள் வந்த அன்று செல்வி லால்குடியில் ஒரு கல்யாணத்தில் இருந்தாள். ஏற்றுவது அவள் வேலை, சரிபார்ப்பது என் வேலை, ஒத்துக்கொள்வது கல்லூரியில் இன்னொரு பேராசிரியரின் வேலை. அவர் அடிக்கடி வெளியூர் போகிறார் என்று அந்த மூன்றாவது ஒப்புதல் தானாகவே நடக்கும்படி நானே மாற்றி வைத்திருந்தேன். சரக்குப் பெட்டி மறுநாள் கிளம்ப வேண்டும். செல்வியின் கடவுச்சொல் எனக்குத் தெரியும். அவள் பெயரில் நுழைந்து நானே ஏற்ற ஆரம்பித்தேன்.

சாயங்காலம் நாலு மணி. ஸ்ரீரங்கத்து வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் யாழினி கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. சந்தோஷமாக எடுத்தேன். டிசம்பர் விடுமுறையில் தன் தோழி லோட்டேயின் குடும்பத்தோடு மலைக்குப் போவதாகச் சொன்னாள்.

“நான் வரேன்டி டிசம்பர்ல. டிக்கெட் எடுத்தாச்சு. லீவு போட்டாச்சு.”

அவள் டச்சில் சொன்னாள். கத்தவில்லை. உனக்குத் தோன்றியபோது போனாய், உனக்குத் தோன்றியபோது வருகிறாய், நீ வரும் நாளில் நான் வீட்டில் இருக்க வேண்டும் என்று எப்படி எதிர்பார்க்கிறாய் என்றாள். தமிழ்ல பேசு என்றேன் நான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவளைச் சமாதானம் செய்தபடியே நான் தட்டிக்கொண்டிருந்தேன். பட்டியலில் எல்லோரும் சுத்தம். எழுபத்தொன்றாம் எண்ணில் மட்டும் மருந்து இருந்தது. எழுபத்தொன்று என்று தட்ட வேண்டிய இடத்தில் பதினேழு என்று தட்டினேன். செல்வியாக ஒருமுறை அழுத்தினேன். நானாக ஒருமுறை அழுத்தினேன். மூன்றாவது தானாக நடந்தது.

மூன்றாம் நாள் இறக்குமதி நிறுவனத்திலிருந்து, பதினேழாம் எண்ணின் தார்களைத் துறைமுகத்திலேயே இறக்கி வைத்துவிடுங்கள் என்று தகவல் வந்தது. பரிசோதனைக்கூடத்துக் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். பார்த்த அந்த நிமிடமே புரிந்துவிட்டது. உடனே திருத்தம் ஒன்றை ஏற்றினேன். ஏற்றலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் முதலில் ஏறியது அப்படியே இருக்கும். நிறுவனத்தின் கணினி, மருந்து இருந்தால் விழும் சிவப்புக் குறியைத்தான் தேடும். ஒரு சிவப்பு இருந்தால் மூன்று வருடம் தடை. காயை மறுபடி பரிசோதித்துச் சுத்தம் என்ற முடிவையும் ஏற்றினேன். அது சிவப்புக்குக் கீழே இன்னொரு வரியாகப் போய் உட்கார்ந்தது. அதற்குள் எழுபத்தொன்றாம் எண்காரரின் தார்கள் கப்பல் ஏறிவிட்டன.

குழுக் கூட்டத்தில், “லேப்ல ஏதோ குழப்பம்ங்க, பேசிக்கிட்டு இருக்கோம்” என்றேன். ராஜாங்கம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

6

செல்வியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். அவள் வெகுநேரம் காபியைத் தொடவில்லை.

“என் பேர்ல ஏத்தியிருக்க.”

“ஆமா.”

“ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா? அண்ணன் செத்தும் ஆளுக்குப் புத்தி வரல, ராத்திரியோட ராத்திரியா மருந்து அடிச்சிருக்கான்னு பேசறாங்க. அந்த மனுசன் டீக்கடைக்கே வர்றதில்ல. மார்க்கெட்ல கமிஷன் மண்டிக்காரன் மருந்துத் தார் வந்திருச்சுன்னு கூவறான்டி. நீ போய்ச் சொல்லு. உன் வாயால சொல்லு.”

“சொல்றேன். அடுத்த மாசம் கருத்தரங்கு இருக்கு செல்வி. மூணு பேர் செய்ய வேண்டியதை ஒருத்தியே செஞ்சேன்னு தெரிஞ்சா மொத்தத் திட்டத்தையும் நிறுத்திருவாங்க. எழுபத்தொம்பது பேருக்கும் போயிரும். கருத்தரங்கு முடியட்டும்.”

“எழுபத்தொம்பது பேருக்காகவா, உனக்காகவா?”

காபிக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தேன். கருத்தரங்கில் என் கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு தேர்வு வந்தது. பொங்கல் வந்தது. தை முடிந்ததும் ஒப்பந்தம் முடிந்தது. கீழ்வீட்டு மாமி பிரசாதம் கொண்டுவந்து கொடுத்தார். போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று ஒருநாள் காலையில் கிளம்பி, தொட்டியம் போகும் பஸ்ஸில் ஏறி, முசிறியில் இறங்கித் திரும்பி வந்துவிட்டேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

7

ராட்டர்டாம் வீட்டில் சமையலறையை மாற்றி வைத்திருந்தார்கள். வந்த மறுநாள் உப்பைத் தேடிக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் திறந்தேன். யாழினி உள்ளே வந்து, மேல் தட்டைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். விருந்தாளிக்கு எடுத்துக் கொடுப்பது போலத்தான் இருந்தது. அப்பாவும் பெண்ணும் சாப்பாட்டு மேஜையில் டச்சில் பேசிச் சிரிப்பார்கள். பாதி புரியும். மீதியைக் கேட்டால், “ஒண்ணும் இல்ல, சும்மா” என்பார் இளங்கோ.

அந்த இறக்குமதி நிறுவனம் என்னை ஆலோசகராக வைத்துக்கொண்டது. அங்கங்கே பேசக் கூப்பிட்டார்கள். தொட்டியத்து விவசாயிகள் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் படத்தைத் திரையில் போட்டுப் பேசுவேன். பின்வரிசையில் ராஜாங்கம் நிற்பது தெரியும். கொஞ்ச நாளில் அந்தப் படத்தின் பின்பகுதியை வெட்டிவிட்டேன். இன்னும் இரண்டு நிறுவனங்கள் அதே பதிவில் சேர்ந்துகொண்டன. அவர்கள் என் விதியையும் தாண்டினார்கள். ஒருமுறை சிவப்பு விழுந்த நிலத்திலிருந்து எப்போதுமே வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கணினியைத் திறந்து அந்தச் சர்வே எண்ணைத் தட்டிப் பார்ப்பேன். சிவப்பு அங்கேயே இருக்கும். ஏற்றியவர் என்ற இடத்தில் செல்வியின் பெயர் இருக்கும்.

டிராம் நிறுத்தத்தில் அழுதேனே, அதற்கு மறுநாள் நிறுவனத்துக்குப் போனேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். அங்கிருந்த மேலாளர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். பிறகு, “ஒன்றை எடுத்தால் மற்றவற்றை யார் நம்புவார்கள்? இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே” என்றார். குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே என்னிடம் பதில் எதிர்பார்த்தார். ஆலோசகர் வேலையை விட்டுவிட்டு வந்தேன்.

8

செல்வி தொட்டியம் பஸ் ஸ்டாண்டில் ஸ்கூட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். இரண்டரை வருடத்தில் முடி நிறைய நரைத்திருந்தது. எப்படி இருக்க என்று கேட்கவில்லை. ராஜாங்கம் வீட்டு வாசலில் நிறுத்தி, “நான் உள்ள வரல. நீயே போ” என்றாள்.

காலை எட்டரை மணி இருக்கும். அவர் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மடித்து வைத்தார்.

“வாங்க. செல்வி சொல்லுச்சு. உக்காருங்க. உமா, காபி போடும்மா.”

உமா அவருடைய மகள். தோப்பை இப்போது அவளும் சேர்ந்து பார்க்கிறாள் என்று செல்வி சொல்லியிருந்தாள். நான் வழியெல்லாம் மனதில் தயார் செய்துகொண்டு வந்தது எதுவும் வரவில்லை.

“லேப்ல தப்பு இல்லீங்க” என்றேன். “நான்தான் தப்பா ஏத்தினேன். எழுபத்தொண்ணுன்னு போட வேண்டியதைப் பதினேழுன்னு போட்டுட்டேன். மூணு பேர் பார்க்க வேண்டியதை நான் ஒருத்தியே பார்த்தேன். செல்வி அன்னிக்கு ஊர்லயே இல்ல. அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கூட்டத்துல பொய் சொன்னேன்.”

“தெரியும்மா” என்றார். “நீங்க அதுகிட்ட சொன்ன வாரமே செல்வி வந்து சொல்லிருச்சு. இதே இடத்துல உக்காந்து அழுதுச்சு. யார்கிட்டயும் சொல்லாதன்னு நான்தான் சொன்னேன். அது சொன்னா, தன் பேரைக் காப்பாத்திக்கச் சொல்லுதும்பாங்க. நீங்க படிச்சவங்க, காலேஜ்ல வாத்தியாரு. நீங்க வந்து சொன்னா நாலு பேர் நம்புவாங்க. வருவீங்கன்னு இருந்தேன்.”

மடித்த பேப்பரை இன்னொரு முறை மடித்தார்.

“பொங்கல் வரைக்கும் பார்த்தேன். அப்புறம் நீங்க வெளிநாடு போயிட்டதாச் சொன்னாங்க.”

என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மன்னிப்பு கேட்டேன். உமா காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

“இப்ப அதை அழிக்க முடியுமா?” என்று கேட்டார்.

“முடியாதுங்க.”

“அன்னிக்கே சொன்னீங்க” என்று தலையாட்டினார்.

“எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேங்க. குழுவைக் கூட்டச் சொல்லுங்க, எல்லாரு முன்னாலயும் சொல்றேன். டீக்கடையில வந்து சொல்லணும்னாலும் சொல்றேன். மார்க்கெட்லயும் வந்து சொல்றேன். அதுக்குத்தான் வந்தேன்.”

“வேண்டாம்மா.”

“ஏங்க?”

அவர் உமாவைப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

“நீங்க போன வருசம் தண்டுல வண்டு விழுந்துச்சு. பாதித் தோப்பு சாஞ்சிருச்சு. வெட்டிப் பொதச்சு, புண்ணாக்கு போட்டு, பழையபடி பார்த்திருக்கலாம். இருபது வருசம் அப்படித்தானே பார்த்தேன். ஆனா, யாருக்காகப் பார்க்கணும்னு தோணிருச்சு. நம்ம தாரை எப்படியும் மருந்துத் தாருன்னுதான் எடுக்கறான். ஊரும் அதைத்தான் சொல்லுது. எங்க அண்ணன் படத்தைப் பார்த்துக்கிட்டு ரெண்டு நாள் உக்காந்திருந்தேன். மூணாம் நாள் கடைக்குப் போய் மருந்து வாங்கிட்டு வந்து அடிச்சேன்.”

கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம் ஒன்று இருந்தது. அவர் சாயலில், அவரைவிட இளையவராக இருந்தார்.

“இப்ப எல்லாத் தார்லயும் மருந்து இருக்குங்க” என்றார் ராஜாங்கம். “நீங்க போய் ஊரைக் கூட்டி, இவரு அடிக்கலன்னு சொன்னா, நான் தலைகுனிஞ்சு நிக்கணும். நீங்க எழுதினது இப்ப சரியாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்.”

அவர் எழுந்தார். “வெயில் ஏறுச்சுன்னா அடிக்க முடியாது. ஆளு வந்திருப்பான். காபி ஆறுது, சாப்பிட்டுப் போங்க” என்றார். கொடியில் கிடந்த துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகத் தோப்புக்கு நடந்தார். “கண்ணாடி போட்டுக்கோங்கப்பா” என்று உமா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

காபியைக் குடித்தேன். குடிக்காமல் வைத்துவிட்டுப் போக எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது.

வெளியே வந்தபோது செல்வி வேப்பமரத்து நிழலில் வண்டிமேல் உட்கார்ந்திருந்தாள். தோப்புப் பக்கம் மருந்தடிக்கும் மோட்டார் ஓட ஆரம்பித்திருந்தது.

“உனக்குத் தெரியுமா?” என்றேன்.

“ஊருக்கே தெரியும்.”

“ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? வாரம் தவறாம போன் பண்ணிருக்கேனே?”

செல்வி வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தாள்.

“சொல்லியிருந்தா, இனிமே போய் என்ன ஆகப்போகுதுன்னு நீ வராம இருந்திருப்ப” என்றாள். “ஏறு. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”